கற்பிட்டியில் கைற்போர்டிங் பயிற்சி: நெரிசல் நாளில் காசுக்குப் பெறுமதியா?

கைற் என்ற பெரிய துணிப் பட்டம் கயிற்றால் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்குவதுதான் கைற்போர்டிங். யாழ்ப்பாணத்தில் இருந்து அதைப் பழகப் போகிறவர்களில் பலருக்கு முதலில் கிடைக்கும் பெயர் கற்பிட்டி. அங்கே தண்ணீருக்கு முழுப் புள்ளி போடலாம், காற்றுக்கும் போடலாம். பயிற்சிச் சேவைக்கு எத்தனை புள்ளி என்பதை ஒரே ஒரு விடயம்தான் தீர்மானிக்கிறது: அந்த நிலையம் நெரிசலை எப்படிக் கையாளுகிறது? இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கைற்றைத் தொடுகிறவரும், வீட்டுக் கூரை உயரத்துக்குப் பாய்கிறவரும் அங்கே ஒரே கடனீரேரியில் நிற்கிறார்கள். இருவரையும் பிரித்து வைக்கத் தெரியாத இடத்தில் எவ்வளவு புதுச் சாமான் அடுக்கி வைத்திருந்தாலும் காசு கட்ட வேண்டாம்.

நெரிசலுக்குக் காரணம் அந்த ஏரியின் நல்ல குணமேதான். மே தொடக்கம் செப்டெம்பர் முடிய, சில ஆண்டுகளில் ஒக்டோபரிலும், சோளகம் என்ற தென்மேல் காற்று கடற்பக்கத்தில் இருந்து மணல்திட்டைத் தாண்டி ஏரிக்குள் வரும். அலையைத் திட்டு மறித்துவிடும், காற்றை மறிக்காது. அதனால் மணிக்கு 30 முதல் 45 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடிக்கும்போதும் திட்டோரத் தண்ணீர் நெளிவில்லாமல் கிடக்கும். புதியவருக்கு அந்தத் துண்டுத் தண்ணீர் வேண்டும், விழுந்தால் எழும்பி நிற்கலாம் என்பதற்காக. வித்தை காட்டுகிறவருக்கும் அதே துண்டுதான் வேண்டும், அலையில்லாத தண்ணீரில் பலகை சறுக்கிப் பாய்வது இலகு என்பதற்காக. இரு பகுதியாரும் ஒரே இடத்துக்கு இழுபடுகிறார்கள். ஏரியின் மற்றப் பகுதி வெறுமையாகக் கிடந்தாலும் திட்டோரம் நெரியும்.

ஒரு கைற்றுக்கு எவ்வளவு இடம் தேவை என்று கணக்குப் பார்த்தால் பிரச்சினை விளங்கும். கயிற்றின் நீளம் 20 முதல் 24 மீற்றர். கைற் ஆளின் இடப்பக்கம் முழுவதும் சாய்ந்து வலப்பக்கம் முழுவதும் சாய்ந்தால் குறுக்களவு ஏறத்தாழ 50 மீற்றர். பக்கத்தில் இன்னொருவர் அதே அளவு இடம் பிடித்தால், இரண்டு கைற்றும் முட்டாமல் இருக்க ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் 50 மீற்றருக்கு மேல் வேண்டும். புதியவர் நின்ற இடத்தில் நிற்கவும் மாட்டார். பலகையில் எழும்ப ஒருதரம் முயன்றாலே இருபது, முப்பது மீற்றர் காற்றுவாக்கில், அதாவது காற்று அடித்துப் போகும் பக்கம், இழுபட்டுப் போவார். பழகியவர் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் செக்கனுக்குப் பத்து மீற்றர். 50 மீற்றர் தள்ளி நிற்கும் புதியவரின் கைற் தடுமாறுவதை அவர் கண்டு, முடிவெடுத்து, திரும்ப ஐந்து செக்கன்தான் இருக்கிறது.

ஆகவே பயிற்சிக்கு விசாரிக்கும்போது விலையைக் கேட்கமுன், "புதுசாப் பழகுற ஆக்களை எந்தப் பக்கம் விடுவீங்கள்?" என்று கேளுங்கள். ஏரியின் காற்றுவாக்கு முனையில், அதற்கு அப்பால் வெறும் தண்ணீரும் மணற்கரையும் மட்டும் உள்ள இடத்தில் விடுவோம் என்ற மறுமொழி வரவேண்டும். புதியவரின் கைற் விழுவதும் காற்றுவாக்கில், அவர் இழுபடுவதும் காற்றுவாக்கில். அந்தப் பக்கத்தில் ஆளோ படகோ மரமோ கம்பிவேலியோ இருக்கக்கூடாது. "எங்கட வாசலுக்கு நேரே இறக்குவோம், கிட்ட இருக்கும், வசதி" என்று சொல்லும் இடங்களும் உண்டு. அந்த வசதி பயிற்றுநருக்குத்தான். வாசலுக்கு நேரே என்றால் பழகியவர்கள் புறப்பட்டுத் திரும்பும் பாதையின் நடுவில் என்று பொருள்.

காற்றுவாக்கு முனையில் விடுகிற நல்ல நிலையங்களிலும் கவனிக்க ஒன்றுண்டு. பழகுகிறவர் காற்றுவாக்கில் இழுபட்ட பிறகு தொடங்கிய இடத்துக்கு எப்படித் திரும்பி வருகிறார்? கைற்றைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு கரையால் நடந்து வரச் சொன்னால் அது பிழையான ஏற்பாடு. கரையில்தான் மற்றவர்கள் கயிறு விரித்துக் கைற் ஏற்றுகிறார்கள். நடந்து வருகிறவருக்கோ கைற்றை ஒரு கையால் கட்டுப்படுத்தும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. ஒரு திடீர்க் காற்றுக்குக் கைற் சரிந்தால் விரித்த கயிறுகளுக்கு மேல்தான் விழும். இடுப்பளவு தண்ணீரில், கரையில் இருந்து இரண்டு கயிற்று நீளம் தள்ளி நடத்திக் கூட்டிவருவது பரவாயில்லை. படகில் ஏற்றித் தொடங்கிய இடத்துக்குக் கொண்டுவந்து விடுவது எல்லாவற்றிலும் நல்லது. ஒரு மணித்தியாலப் பயிற்சியில் நடைக்குப் போகும் கால்மணித்தியாலமும் மிஞ்சும். படகு இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், பயிற்சி நேரம் முழுவதும் தண்ணீரில் நிற்குமா என்றும் கேளுங்கள். கரையில் கவிழ்த்து வைத்த படகு ஒருவரையும் மீட்காது.

ஒரு பயிற்றுநருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கைற்றுக்கு மேல் ஆகாது. நெரிசல் நாளில் ஒன்றுதான். இருவர் சேர்ந்து ஒரு கைற்றை மாறி மாறிப் பிடிக்கும் பொதியைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஒருவர் செய்வதை மற்றவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார், தண்ணீரில் ஒரு கைற் குறைகிறது. ஹெல்மெற்றில் றேடியோ இருந்தால் இன்னும் நல்லது. காற்றுக்குள் முப்பது மீற்றருக்கு அப்பால் கத்துவது கேட்காது. கைற்றின் கயிறுகள் பூட்டிய கைப்பிடித் தடிதான் பார். "பாரை விடு" என்ற இரண்டு சொல் நேரத்துக்குக் காதில் விழுந்தால் பாதி விபத்து நடக்காது.

அந்த "பாரை விடு" எங்கள் ஊர்க்காரருக்கு விசேடமாகத் தேவை. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றிய கை, பட்டம் தளர்ந்தால் நூலை வெடுக்கென்று இழுக்கும். நூலை விட்டால் பட்டம் போய்விடும் என்பது அந்தக் கைக்குள் ஊறிய பாடம். கைற்றில் கதை தலைகீழ். பாரை உடம்புப் பக்கம் இழுத்தால் கைற்றின் பின்விளிம்பு இறுகி, காற்றைக் கூடப் பிடித்து, இழுவை பெருகும். பாரை விட்டால் கைற் ஆளின் இடுப்பில் கட்டிய ஹானஸ் என்ற பட்டியில் நிற்கும், இழுவை பெரும்பாலும் இறங்கிவிடும். பயந்த நேரத்தில் பாரை இறுக்கிப் பிடிப்பதுதான் புதியவர்கள் மற்றவர் மேல் பறந்துபோய் விழ முதற்காரணம். பட்டத்துக்கு முச்சை, அதாவது நூல் பூட்டும் கட்டு, கட்டத் தெரிந்தவருக்குக் காற்றில் கைற் எங்கே நிற்கும், எங்கே வலிக்கும் என்பது மற்றவர்களை விடக் கெதியாக விளங்கும். அந்த முன்னறிவு உதவும். கைப்பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும். முதல் இரண்டு மணித்தியாலம் சிறிய பயிற்சிக் கைற்றோடு கரையில் நின்று, பயிற்றுநர் சொல்லச் சொல்லப் பாரை விட்டுப் பழகுங்கள்.

வாடகைச் சாமானில் முதலில் பார்க்க வேண்டியது துணி அல்ல, கழற்றி. குயிக் றிலீஸ் என்கிற அந்தப் பிடியை முன்னால் தள்ளினால் கைற் முழுவதும் ஒரே ஒரு முன்கயிற்றில் தொங்கி, கொடி போலத் தட்டையாகித் தண்ணீரில் விழ வேண்டும். அதன் பிறகும் இழுத்தால், கைற்றை ஆளோடு பிணைத்து வைக்கும் லீஷ் என்ற பட்டியையும் கழற்றலாம். இந்தக் கழற்றிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 21853 தரம் 2020 இல்தான் வந்தது. அதற்கு முந்திய பார்கள் இன்னும் வாடகையில் ஓடுகின்றன. பழசு என்பதற்காகக் கூடாது என்று சொல்ல முடியாது, ஆனால் மணல் புகுந்து இறுகியிருக்கும். ஹானஸைக் கட்டிக்கொண்டு ஒருவரை முன்னால் நின்று பலமாக இழுக்கச் சொல்லுங்கள். அந்த இழுவையில், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். இரண்டாம் தள்ளலுக்குத்தான் கழன்றது என்றால் வேறு பார் கேளுங்கள். இழுவை இல்லாமல் தளர்ந்து கிடக்கும்போது கழன்றது என்று காட்டினால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

கயிறு பார்ப்பதற்கு நேரம் கொடுக்காத நிலையத்திலும் காசு கட்ட வேண்டாம். பாரில் நின்று நாலு கயிற்றையும் விரல்களுக்கு இடையில் விட்டுக் கைற் வரைக்கும் நடந்து போக வேண்டும். முன்கயிறு இரண்டும் நடுவில், பின்கயிறு இரண்டும் வெளியில், ஒன்றையொன்று ஏறாமல் போகிறதா என்று விரலே சொல்லும். நடுவழியில் சின்ன முடிச்சு நெருடினால் அதை அவிழ்க்க வேண்டும். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் வெகுவாகக் குறையும், நீளமும் சுருங்கும். கைற் ஒரு பக்கமே திரும்பிக்கொண்டு நிற்கும். பின்கயிறு இரண்டும் இடம் வலம் மாறிப் பூட்டியிருந்தால், ஏற்றியவர் வலப்பக்கம் இழுக்க அது இடப்பக்கம் போகும். அவர் பதறி இன்னும் இழுப்பார், அது சுழன்று கரையில் நிற்கிறவர்கள் மேல் இறங்கும். முன்கயிறும் பின்கயிறும் மாறினால் அதைவிட மோசம், கைற் முழு இழுவையோடு எழும்பும், பாரை விட்டாலும் இழுவை குறையாது. இவை இரண்டும் கரையிலேயே இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள். நெரிசல் நாளில் "கெதியா, கெதியா" என்று அவசரப்படுத்தும்போதுதான் தவறவிடப்படுகின்றன.

கரை ஒழுங்கில் கற்பிட்டிக்கு நடுத்தரப் புள்ளிதான் கொடுக்கலாம். கைற்றை ஏற்றும் இடமும் இறக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே கிடக்கின்றன. இறக்கி வைத்த கைற்றுகளின் கயிறுகள் மணலில் விரித்தபடி கிடக்கும். அந்தக் கயிறு மெல்லியது, மணல் நிறத்துக்குள் மறைந்துவிடும், காற்றோடு ஒரு கைற் எழும்பினால் காலைக் கத்தி மாதிரி அறுக்கும். அது மீன்பிடிக் கரை. வலை இழுக்கிறவர்கள் பின்பக்கமாக நடப்பார்கள், கீழே பார்க்க மாட்டார்கள். இறங்கிய உடனே கயிற்றைப் பாரில் சுற்றி, கைற்றைக் கவிழ்த்து, காற்றடைத்த முன்விளிம்பு காற்று முகமாகப் பார்க்க வைத்து, மேலே மணல் போடுவதுதான் முறை. ஈர மணல் நல்லது. மணலைப் போட்டுவிட்டு அரை நாள் அப்படியே விட்டுப் போவது கைற்றின் துணிக்கும் கேடு, பக்கத்தில் இடம் தேடுகிறவருக்கும் இடைஞ்சல். கைற் ஏற்றித் தருகிறவருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் "விடு" என்று பொருள். இறக்க வேண்டுமானால் தலையில் கையைத் தட்டிக் காட்ட வேண்டும். சாடை காட்டாமல் ஒருவர் கைற்றையும் விடவோ பிடிக்கவோ கூடாது.

பழகியவர்களுக்கும் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் நெரிசலில் கூடிய பொறுப்பு அவர்களுடையது. எதிரெதிரே வந்தால் வலக்காலை முன்வைத்துப் போகிறவர் தன் போக்கில் போவார், மற்றவர் விலகுவார். காற்றுமுகப் பக்கம், அதாவது காற்று வரும் பக்கம், இருப்பவர் கைற்றை உயர்த்த வேண்டும், காற்றுவாக்கில் இருப்பவர் தாழ்த்த வேண்டும். பின்னால் வருகிறவர் முந்துவதானால் விலகி முந்த வேண்டும். கரையை விட்டுப் புறப்படுகிறவருக்கு, கரைக்குத் திரும்புகிறவர் வழிவிட வேண்டும். பாயமுன் காற்றுவாக்கில் 50 மீற்றரும் காற்றுமுகத்தில் 30 மீற்றரும் வெறுமையாக இருக்க வேண்டும். இவை உலகம் முழுக்க உள்ள விதிகள். ஆனால் புதியவருக்கு இந்த விதிகள் தெரியாது, தெரிந்தாலும் கைற்றைத் தாழ்த்து என்றால் தாழ்த்த வராது. ஆகவே புதியவரைக் கண்டால் உங்கள் உரிமையை நினைக்காமல் விலகிப் போங்கள். எந்தப் பக்கத்தால் போனாலும் கிட்டப் போனால் ஆபத்து. காற்றுவாக்குப் பக்கத்தால் போனால் அவர் கைற்றும் கயிறும் உங்கள் மேல் விழும். காற்றுமுகப் பக்கத்தால் உரசிப் போனால் உங்கள் கைற் கலக்கிவிட்ட காற்று அவர் கைற்றுக்குப் போய்ச் சேரும். அதுவரை அசையாமல் நின்ற கைற்றின் கயிறு ஒரு கணம் தளரும், துணி படபடக்கும், கைற் பின்னோக்கிச் சரியும், மீண்டும் காற்றைப் பிடிக்கும்போது ஒரேயடியாக இழுக்கும். தண்ணீரில் நிற்கிறவருக்குத் தன்னுடைய பிழை என்றுதான் தோன்றும். எந்தப் பக்கம் என்றாலும் மூன்று கயிற்று நீளம், அதாவது 70 மீற்றர் அளவு விடுங்கள்.

ஹைட்ரோபொயில் கொண்டுவருகிறவர்கள் திட்டோரத்தை மறந்துவிட வேண்டும். பலகைக்குக் கீழே 75 முதல் 90 சென்றிமீற்றர் தண்டும் அதன் நுனியில் கூர்ச்சிறகும். அந்த ஆழம் திட்டோரத்தில் பல இடத்தில் இல்லை. தண்ணீரில் விழுந்து கிடக்கும் ஒருவரின் தலை அந்தச் சிறகின் உயரத்தில்தான் இருக்கும். பலகையைக் காலோடு கட்டும் லீஷும் வேண்டாம். இழுபட்டுப் போகும்போது அது பலகையை இறப்பர் பட்டி போலத் திருப்பி எறிந்து தலையில் அடிக்கும். பலகை போனால் உடம்பாலே காற்றை எதிர்த்து இழுபட்டுப் போய் எடுப்பதைப் பழக வேண்டும். அது பழகாதவருக்குத் தனியாக வாடகைக்கு விடும் நிலையம் தன் வேலையைச் செய்யவில்லை.

இரண்டு கைற் சிக்கினால் செய்ய வேண்டியதைப் பயிற்சியில் ஒருவரும் முழுதாகச் சொல்லித் தருவதில்லை என்பது எங்கள் பெரிய குறை. சிக்கிய கயிற்றைக் கையால் பிடிக்கவே கூடாது, விரல் போகும். கயிறு உங்களைச் சுற்றவில்லை என்று பார்த்து உடனே குயிக் றிலீஸைத் தள்ளுங்கள். மற்றவரும் தள்ள வேண்டும், சத்தமாகச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் கழற்றினால் இரண்டு கைற்றின் இழுவையும் மற்றவர் தலையில் விழலாம். அதன் பிறகும் இழுத்தால் லீஷையும் கழற்றி, கைற் இரண்டும் போக விடுங்கள். கைற்றுக்குக் காசு போகும் என்று யோசித்து லீஷைப் பிடித்துக்கொண்டிருப்பவர்தான் இழுபட்டுக் கரையில் மோதுகிறார். வாடகை ஒப்பந்தத்தில் "தொலைந்தால் முழு விலை" என்று இருந்தால், பாதுகாப்புக்காகக் கழற்றி விட்ட கைற்றுக்கும் அது பொருந்துமா என்று காசு கட்டமுன் எழுத்தில் கேளுங்கள்.

சாமான் அளவுக்கு ஒரு வழிகாட்டல்: 70–75 கிலோ எடையுள்ள பழகியவருக்கு 20 நொட், அதாவது மணிக்கு 37 கிலோமீற்றர்க் காற்றில் 9 அல்லது 10 சதுர மீற்றர்க் கைற் சரி. பழகுகிறவருக்கு அதே காற்றில் 7 போதும். காற்று 15 நொட்டில் இருந்து 20 நொட்டுக்கு ஏறினால் இழுவை ஏறத்தாழ 1.8 மடங்காகும், மூன்றில் ஒரு பங்குதான் கூடும் என்று நினைக்க வேண்டாம். பின்னேரத்தில் காற்றுக் கூடும் நாட்களில் காலையில் எடுத்த கைற்றையே வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் இங்கேதான் அகப்படுகிறார்கள். பலகை பெரிதாக, 140 சென்றிமீற்றருக்குக் குறையாமல், அகலம் 42 அளவில் இருக்கட்டும். சின்னப் பலகை வடிவாகத் தெரியும், எழும்ப விடாது.

நேரம் தெரிவு செய்ய முடிந்தால் காலை முதல் மணித்தியாலங்களைக் கேளுங்கள். காற்று மெதுவாக இருக்கும், பாய்கிறவர்கள் இன்னும் இறங்கியிருக்க மாட்டார்கள். டிசெம்பர் நடுவில் இருந்து மார்ச் வரைக்கும் வாடையிலும் அங்கே பழகலாம். காற்று மெல்லியது, பெரிய கைற் வேண்டும். சொந்தமாக ஓடத் தொடங்கப் பத்து மணித்தியாலம் அளவில் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மணித்தியாலப் பொதியில் ஓடலாம் என்று உறுதி தருகிறவரை நம்ப வேண்டாம். ஐ.கே.ஓ. என்ற பன்னாட்டு அமைப்பின் தரப்படி படிப்பிக்கும் இடமென்றால், முடிவில் எந்தத் தரத்துக்கு அட்டை தருவார்கள் என்று கேளுங்கள். மூன்றாம் தரம்தான் தனியாக ஓடும் தரம்.

யாழ்ப்பாணத்தில் இருந்து மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், பாலாவி வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். பழகுவதற்கு அந்தத் தூரம் தகும். பழகி முடித்து, காற்றை எதிர்த்து ஏறத் தெரிந்தவர் அந்த நெரிசலுக்குள் திரும்பவும் போவதில் பொருளில்லை. சங்குப்பிட்டிப் பாலம் வழியாக மன்னாருக்குப் போய்த் தலைமன்னார்ப் பக்கம் இறங்கினால் இடம் தாராளம், ஆட்கள் குறைவு. ஆனால் அது திறந்த கடல், நீரோட்டமும் உண்டு. துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

ஊருக்குத் திரும்பி எங்கள் தண்ணீரில் இறங்க நினைப்பவர்களுக்கு: காரைநகர் கசூரினா சோளகத்தில் கூடவே கூடாது. அந்தக் கரை வடக்கைப் பார்க்கிறது, சோளகம் தரையில் இருந்து கடலுக்கு அடிக்கும், கைற் விழுந்தால் ஆழ்கடலுக்குத்தான் போவீர்கள். வாடையில் காற்றுக் கரைக்கு வரும், ஆனால் பின்னால் சவுக்கு மரங்கள். குளிக்க வருகிற சனமும் உண்டு. பண்ணைப் பக்கத்துக் கடனீரேரி ஆழமில்லாததுதான், ஆனால் அங்கே களங்கட்டி என்ற மீன்பிடி அடைப்புகளின் தடிகளும் வலைகளும் நிற்கின்றன, வீதியோரம் மின்கம்பி. அந்தத் தண்ணீரில் தொழில் செய்கிறவர்களுக்குத்தான் முதல் உரிமை. இறங்கமுன் அந்த இடத்துக் கடற்றொழிலாளர் சங்கத்தில் போய்க் கதைத்து, எந்தப் பக்கம் வலை கிடக்கிறது, எந்த நேரம் இழுப்பார்கள் என்று கேளுங்கள். வற்று நேரத்தில் ஒருதரம் நடந்து தடிகள் நிற்கும் இடங்களைப் பார்த்து வையுங்கள். வற்றில் தலை காட்டும் தடி பெருக்கில் தண்ணீருக்குக் கீழே போய்விடும்.